யாரோ எழுதிய பதில்

2024 டிசம்பர் 30, திங்கட்கிழமை. வருடக் கடைசி என்பதால் அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. மதியம் மூன்று மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அன்று காலையில் எங்கள் மென்பொருள் அவர்களுக்கு அனுப்பிய அறிக்கைகள் எல்லாவற்றிலும் தேதி 2025 டிசம்பர் 30 என்று இருந்தது. ஒரு வருடம் முன்னால் ஓடிவிட்டோம்.

ஜாவா எழுதுபவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தேதியை எழுதும் வடிவத்தில் வருடத்துக்குச் சின்ன ஒய் நான்கு போட வேண்டும். பெரிய ஒய் நான்கு போட்டால் அது 'வார வருடம்' ஆகிவிடும். அதாவது, அந்த நாள் விழும் வாரம் எந்த வருடத்தின் கணக்கில் வருகிறதோ அந்த வருடம். கிட்டத்தட்ட வருடம் முழுக்க இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆண்டு மாறுகிற வாரத்தில் மட்டும் பிசகும். நாங்கள் அந்த நிரலைச் சோதித்தது அக்டோபரில். அக்டோபரில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது.

அதை எழுதியது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். "நீ எங்க பாத்து எழுதின?" என்று கேட்டேன். "ஏஐ குடுத்ததுண்ணா. ஓடுச்சு. டெஸ்ட்டும் பாஸ் ஆச்சு" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அதை ரிவ்யூ செய்து ஓகே சொன்னவன் நான்தான்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அது இல்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து, ஏதோ உறுத்த, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் என் பழைய பதில்களைப் புரட்டினேன். 2013இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜாவாவில் தேதியை இப்படி இப்படி எழுதலாம் என்று ஒருவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அதில் பெரிய ஒய் நான்கு. கீழே யாரோ ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார்: டிசம்பர் கடைசி வாரத்தில் இது தவறான வருடத்தைக் காட்டும், சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள். நான் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பதிலைத் திருத்தவில்லை. கமெண்ட் கீழேயே இருக்கிறதே, படிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற சோம்பேறித்தனம்.

எங்களைக் கவிழ்த்தது என்னுடைய அந்தப் பதில்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. இதே தவறை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் படித்த ஒரு மாதிரி, எது யாருடையது என்று தெரியாத கூழாக ஆக்கித்தான் திருப்பித் தருகிறது. எனக்கு உறுத்தியது வேறு. பதில் பயணம் செய்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த கமெண்ட் பயணம் செய்யவில்லை.

*

என் வயதுக்காரர்கள் நிரலெழுதக் கற்றுக்கொண்ட விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்லூரி சொல்லிக்கொடுத்தது பாடத்திட்டம். அதற்கு வெளியே இரண்டு மூன்று இடங்கள் இருந்தன. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல்லின் காணொளிகள் ஒன்று. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எனக்கு உருப்படியாகப் புரிந்தது டெல்லி ஐஐடியின் நவீன் கார்க் நடத்திய வகுப்புகளில்தான். கல்லூரி ஹாஸ்டலில் யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து, பதினைந்து பேர் மாற்றி மாற்றிப் பார்த்தோம். இன்னொன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ.

அதற்கு முந்தைய காலம் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு தளம். கூகுளில் உங்கள் பிழைச்செய்தியைப் போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்கும். உள்ளே போனால் கேள்வி தெரியும், பதில் மங்கலாக்கப்பட்டிருக்கும், பணம் கட்டு என்று சொல்லும். ஆனால் பக்கத்தை அடிவரைக்கும் உருட்டிக்கொண்டே போனால், விளம்பரங்களையும் வகைப் பட்டியல்களையும் தாண்டி, அதே பதில் தெளிவாக இருக்கும். காரணம் கூகுளின் விதி: தேடுபொறிக்குக் காட்டுவதை வாசகருக்கும் காட்ட வேண்டும். அந்த விதியை மீறாமலும் மனிதர்கள் கண்ணில் படாமலும் பதிலை வைக்க, பாதாளத்தில் புதைத்திருந்தார்கள். இதைக் கண்டுபிடித்துச் சொன்ன சீனியர் அண்ணன் எங்களுக்கு அன்று சித்தர் மாதிரி தெரிந்தார்.

2008 செப்டம்பரில் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் திறந்தது இதற்கு நேர் எதிராக. பதில் மேலே இருக்கும். யாரும் பணம் கட்ட வேண்டாம். நல்ல பதிலுக்கு ஓட்டு, மோசமானதற்கு எதிர் ஓட்டு. எல்லா எழுத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், அதிலிருந்து உருவாக்குவதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். 2009 முதல், மொத்தக் கேள்வி பதில்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். நாங்கள் என்றாவது அயோக்கியர்களாகிவிட்டால் நீங்கள் இதை எடுத்துக்கொண்டு போய் வேறு கடை போடலாம் என்பதுதான் அதன் பொருள். வணிக நிறுவனம் ஒன்று தன் கழுத்துக்குத் தானே கயிறு கட்டி, மறுமுனையை வாடிக்கையாளர் கையில் கொடுத்தது மாதிரி.

இந்த ஏற்பாட்டில் கூகுளுக்கும் ஓர் இடம் இருந்தது. எழுதாத ஒப்பந்தம் என்று சொல்லலாம். தளங்கள் தங்கள் பக்கங்களைக் கூகுளின் நிரல் வந்து படித்துப்போக அனுமதிக்கும். பதிலுக்குக் கூகுள் ஆட்களை அனுப்பிவைக்கும். வந்தவர்களில் நூறில் ஒருவர் தங்குவார். கணக்கு தொடங்குவார், கேட்பார், ஒருநாள் பதிலும் சொல்வார். நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற பெயரை முகவரிப்பட்டையில் நான் தட்டியதே கிடையாது. கூகுள்தான் என்னை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அங்கே கற்றது பதில்களை மட்டும் இல்லை. முதல் பதில் 40 ஓட்டு வாங்கியிருக்கும். இரண்டாவது பதில், 'மேலே சொன்னது பழைய பதிப்புக்குத்தான் பொருந்தும்' என்று ஆரம்பிக்கும். கீழே இரண்டு பேர் கமெண்ட்டில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், ஒருவர் ஜெர்மனி, ஒருவர் பிரேசில். அந்தச் சண்டையைப் படித்துப் படித்துத்தான் ஒரு தொழில்நுட்பத்தில் எது உறுதி, எது வெறும் பழக்கம், எது இன்னும் முடிவாகவில்லை என்கிற வாசனை மூக்குக்கு வந்தது.

*

அந்த ஒப்பந்தம் எப்படி முறிந்தது என்பதைக் கொஞ்சம் தொழில்நுட்பமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு இணையதளத்திலும் ரோபாட்ஸ் டெக்ஸ்ட் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். எந்த நிரல் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று வாசலில் ஒட்டிய துண்டுச்சீட்டு. 2023 செப்டம்பரில் கூகுள், 'எங்கள் ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்க உங்கள் எழுத்தை எடுக்கக்கூடாது என்றால் கூகுள் எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வழி தந்தது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 2024 மே மாதம் அமெரிக்காவிலும், சில மாதங்களில் இந்தியாவிலும், தேடல் பக்கத்தின் உச்சியில் ஏஐ தொகுத்த பதிலைக் காட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு அந்தத் தடை செல்லாது. அது தேடலின் ஒரு பகுதியாம். தேடலுக்காக வந்து படிக்கும் அதே நிரல் எடுத்துப்போவதுதான் அந்தப் பெட்டிக்குள்ளும் போகிறது. முழுக்கத் தடுக்க வேண்டுமென்றால் தேடலிலிருந்தே விலக வேண்டும், அல்லது தேடல் முடிவுகளில் உங்கள் தளத்துக்குக் கீழே வரும் இரண்டு வரிச் சுருக்கத்தையும் துறக்க வேண்டும். தேடலிலிருந்து விலகினால் நீங்கள் இல்லாத ஊரில் கடை வைத்திருப்பவர்.

இதைத்தான் செக் என்ற அமெரிக்க நிறுவனம் 2025 பிப்ரவரியில் நீதிமன்றத்துக்கு எடுத்துப்போனது. தேடலில் நாங்கள் தெரிய வேண்டுமென்றால், எங்களோடு போட்டி போடும் பதிலுக்கான மூலப்பொருளையும் நாங்களே இலவசமாகத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள் என்பது அவர்கள் வாதம். செக் ஒன்றும் தர்மதேவதை இல்லை. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு பாடப்புத்தகக் கணக்குகளுக்கு விடை தருகிற கம்பெனி. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து பரீட்சை எழுதிய மாணவர்கள் காப்பியடிக்க அதை நம்பியிருந்தார்கள் என்பது அமெரிக்கப் பேராசிரியர்களின் தீராத புகார். சாட்ஜிபிடியால் வளர்ச்சி அடிவாங்குகிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்ட மறுநாள், 2023 மே மாதத்தில், பங்கு விலை கிட்டத்தட்டப் பாதியாகச் சரிந்தபோது யாரும் பெரிதாக அழவில்லை. நானும் அழவில்லை. ஆனால் வாதி யார் என்பதை வைத்து வழக்கை எடை போடக்கூடாது. சாட்ஜிபிடி ஒரு போட்டியாளர். சந்தையில் வந்து ஜெயித்தால் அது அவர்கள் சாமர்த்தியம். கூகுள் இங்கே போட்டியாளர் மட்டுமில்லை, எல்லாரும் சந்தைக்கு வருகிற சாலையும் அவர்களுடையது.

சாலை எப்படி அவர்களுடையதானது? 2024 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பு, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்திருக்கிறது என்றது. வழக்கில் வெளிவந்த ஒரு எண்ணை நான் மறக்கவே போவதில்லை. கைபேசிகளிலும் உலாவிகளிலும் தானே முதல் தேடுபொறியாக இருப்பதற்காக 2021ஆம் ஆண்டு மட்டும் கூகுள் கொடுத்த பணம் 2,630 கோடி டாலர். தரத்தால் மட்டுமே முதலிடத்தில் இருக்கும் பொருளுக்கு இவ்வளவு வாடகை எதற்கு என்று கேட்க நீதிபதியாக இருக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் பரிகாரம் சொன்னார்கள். குரோமை விற்கவேண்டியதில்லை. பணம் கொடுப்பதையும் நிறுத்தவேண்டியதில்லை. போட்டியாளரை முற்றிலும் ஒதுக்குகிற ஒப்பந்தங்கள் மட்டும் கூடாது, தேடல் தரவுகளில் சிலவற்றைப் பகிர வேண்டும். ஏஐ வந்து சந்தையே மாறிக்கொண்டிருக்கிறது என்பது இந்த மென்மைக்கு ஒரு காரணம். ஏஐயால் கூகுளுக்குப் போட்டி வந்துவிட்டது என்று நீதிமன்றம் நம்புகிறது. அதே ஏஐயைத் தேடல் பக்கத்தின் உச்சியில் வைத்துத்தான் கூகுள் மற்றவர்களின் வாசகரை நிறுத்திக்கொள்கிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

*

இத்தனையும் கூகுள் தலையில் கட்டிவிட்டு எழுந்துபோனால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்விகள் குறைய ஆரம்பித்தது சாட்ஜிபிடிக்கு முன்பே. மாதம் 2 லட்சம் கேள்விகள் வந்த உச்சம் 2014 வாக்கில். அதன்பிறகு மெல்லிய சரிவுதான்.

காரணம் உள்ளேயே இருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி பதினோரு நிமிடத்தில் மூடப்பட்டது. 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று ஒரு இணைப்பு. அந்த இணைப்பில் இருந்தது வேறு கேள்வி. விளக்கிச் சொல்லும் அளவுக்கு என் ஆங்கிலம் அன்று இல்லை. அடுத்த எட்டு மாதம் எதையும் கேட்கவில்லை, படிக்க மட்டும் செய்தேன். புள்ளிகள் சேர்த்து அதிகாரம் பெற்ற பழையவர்கள், புதியவர்களைக் கோயில் பிராகாரத்தில் செருப்போடு வந்தவர்களைப் போல நடத்தினார்கள். தரத்தைக் காக்கிறோம் என்று நிஜமாகவே நம்பினார்கள் என்பதுதான் சோகம்.

பிறகு விற்பனை. 2021இல் புரோசஸ் என்ற நெதர்லாந்து முதலீட்டு நிறுவனம் 180 கோடி டாலருக்குத் தளத்தை வாங்கியது. (பைஜூஸில் பெரிய பங்கு வைத்திருந்து, 2024இல் அதன் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதியதும் இதே புரோசஸ்தான். இணையவழிக் கல்வி என்றால் அவர்களுக்கு என்னவோ ஒரு ராசி.) 180 கோடி கொடுத்தவர்கள் அதை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். 2023இல் அந்த மூட்டையை, யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்றிருந்த தரவை, சத்தமில்லாமல் நிறுத்தப் பார்த்தார்கள். எழுதியவர்கள் கூச்சல் போட்ட பிறகே திரும்ப வந்தது. அந்த ஜூனில்தான் தன்னார்வ நிர்வாகிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏஐ எழுதிய பதில்களை நீக்க விடமாட்டேன் என்கிறது நிர்வாகம் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அக்டோபரில் ஊழியர்களில் 28 சதவீதம் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2024 பிப்ரவரியில் கூகுளோடு ஒப்பந்தம், மே மாதம் ஓப்பன்ஏஐயோடு.

ஓப்பன்ஏஐ ஒப்பந்தம் வந்த வாரம் சிலர் கோபத்தில் தங்கள் பழைய பதில்களை அழித்தார்கள். தளம் அவற்றைத் திரும்ப வைத்துவிட்டு, அழித்தவர்களின் கணக்குகளைத் தற்காலிகமாக முடக்கியது. சட்டப்படி தளம் சொன்னது சரி. அந்த உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. நானும் அதைத் தெரிந்தேதான் கையெழுத்திட்டேன். ஆனால் அதே உரிமத்தின் இன்னொரு பாதி, எழுதியவர் பெயரைச் சொல், உன்னுடையதையும் திறந்து வை என்கிற பாதி, அது எங்கே போனது? பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடையில்லை என்ற விதியைக் காட்டி லாரி வைத்து உறிஞ்சிக்கொண்டு போகிறவர்களை நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2024இல் பிஎன்ஏஎஸ் நெக்ஸஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாட்ஜிபிடி வந்த ஆறு மாதத்துக்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதுவது சுமார் 25 சதவீதம் குறைந்ததாக அது கணக்கிடுகிறது. சாட்ஜிபிடி சுலபமாகக் கிடைக்காத ரஷ்ய, சீன மொழித் தளங்களோடு ஒப்பிட்டுக் கிடைத்த எண் இது. அரைத்த மாவையே அரைக்கும் கேள்விகள்தான் போயிருக்கும், கடினமானவை தங்கியிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. எல்லாத் தரத்துப் பதிவுகளும் குறைந்திருக்கின்றன. புதியவர்கள் மட்டும் இல்லை, அனுபவசாலிகளும் போய்விட்டார்கள்.

அவர்கள் எங்கும் போய்விடவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். முன்பு ஒருவர் கேட்ட கேள்வி பத்தாயிரம் பேருக்குப் பொது. இப்போது பத்தாயிரம் பேர் தனித்தனி அறையில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், அந்த அறைகளின் சாவி நான்கைந்து நிறுவனங்களிடம் இருக்கிறது. எந்த நூலகத்தின் புதிய பதிப்பு எங்கே உடைகிறது, மக்கள் எதில் திணறுகிறார்கள் என்ற தகவல் முன்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் சின்ன நிறுவனங்கள் புதுக் கருவி செய்தன, புத்தகம் எழுதினார்கள், வகுப்பு எடுத்தார்கள். இன்று அந்தத் தகவல் உரையாடல்களின் பதிவாக யாருடைய சர்வரிலோ இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் புத்தாக்கத்தைக் கெடுக்கின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது எப்போதும் கொஞ்சம் மங்கலான குற்றச்சாட்டாகவே இருந்தது, ஏனென்றால் அவர்கள் செய்கிற புத்தாக்கம் கண்முன்னால் இருக்கிறது. இப்போது அதை வேறு மாதிரி கேட்டுப் பார்க்கிறேன். 2008இல் இரண்டு வலைப்பதிவர்கள் எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்சைத் தோற்கடிக்க முடிந்தது. அவர்களிடம் இருந்தது நல்ல வடிவமைப்பு, வாசகர் வட்டம், தேடலில் மேலே வர ஒரு நியாயமான வாய்ப்பு. இன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ செய்த தவறுகளையெல்லாம் தவிர்த்து, புதியவர்களை மரியாதையாக நடத்தும் ஒரு தளத்தை இரண்டு பேர் தொடங்கினால்? எழுதிய பதில் அன்றே பெட்டிக்குள் போய்விடும். வாசகர் வரமாட்டார். வராதவர் தங்கமாட்டார். நடக்காமல் போன ஒன்றை எண்ணிக் காட்ட முடியாது என்பதால் இந்த நஷ்டம் எந்த அறிக்கையிலும் வராது.

*

'படிப்பு' என்று பெயர் போட்டே வந்த தளங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரூ இங் நடத்திய மெஷின் லேர்னிங் வகுப்பில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். அதில் நானும் ஒருவன். ஆக்டேவ் என்கிற மொழியில் பயிற்சிகள் எழுதி அனுப்பினால் சில நொடிகளில் மதிப்பெண் வரும். கடைசியில் ஒரு சான்றிதழ், இலவசமாக. அது கோர்செராவாக 2012இல் நிறுவனமானது. 2016 ஜூன் 30 அன்று பழைய தளத்தை மூடியபோது, புதியதற்கு மாற்றப்படாத பல வகுப்புகள் அப்படியே மறைந்தன. தாங்கள் பார்த்த பாடத்தைக் காப்பாற்ற இணையத் தன்னார்வலர்கள் இரவு பகலாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். சான்றிதழுக்கு விலை வந்தது, பிறகு பயிற்சிகளை அனுப்பி மதிப்பெண் பெறவும் விலை வந்தது. 2018இல் கூகுளின் சொந்த வேலைவாய்ப்புச் சான்றிதழ் அங்கே வந்தது. பேராசிரியர் ஒருவர் உலகத்துக்கு வகுப்பெடுக்கிறார் என்று தொடங்கிய இடத்தின் முகப்பில், கம்பெனிகள் தங்களுக்கு வேண்டிய ஆட்களைத் தயாரிக்கும் பயிற்சிகள் வந்து உட்கார்ந்தன.

ஹார்வர்டும் எம்ஐடியும் லாபநோக்கில்லாமல் நடத்திய எட்எக்ஸை 2021இல் டூயூ என்ற நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கு விற்றார்கள். டூயூ 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது. ஆனாலும் அதில் ஒரு நல்லது நடந்திருந்தது: எட்எக்ஸை இயக்கிய மென்பொருள் ஆரம்பத்திலேயே திறமூலமாக வெளியிடப்பட்டிருந்ததால் இன்றும் யாரும் அதை எடுத்துத் தங்கள் பள்ளிக்கு ஒரு தளம் அமைக்கலாம். கையில் கொடுத்த கயிறு என்று மேலே சொன்னேனே, அதுதான்.

நம்முடைய என்பிடெல்லும் இங்கே சேர்த்தி. பொதுப்பணத்தில் உருவாகி, திறந்த உரிமத்தில் இருக்கும் பாடங்கள். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் அவற்றைப் பார்ப்பது யூடியூபில். ஐஐடி பேராசிரியர் நெட்வொர்க் ஃப்ளோ நடத்தி முடிப்பதற்குள் பக்கத்துப் பட்டையில் 'பத்தே நாளில் கோடிங்' வந்து கண்ணடிக்கும். எது அடுத்து வர வேண்டும் என்று முடிவு செய்வது பேராசிரியர் இல்லை.

*

இதையெல்லாம் ஒருநாள் மதியம் கேண்டீனில் அந்தப் பெண்ணிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். வருடம் மாறிய கதை எங்கள் குழுவில் ஜோக்காகிவிட்டிருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, நீங்க சொல்ற அந்த சைட்ல நான் ஒரே ஒரு தடவ கேட்டேன், செகண்ட் இயர்ல. மைனஸ் மூணு குடுத்தாங்க. நான் அருப்புக்கோட்டைல தமிழ் மீடியம். கேள்விய இங்கிலீஷ்ல ஒழுங்கா எழுதவே அரை நாள் ஆச்சு. ஏஐகிட்ட தமிழ்லயே கேப்பேன். தங்கிலீஷ்ல கேப்பேன். நாலு தடவ அதையே கேட்டாலும் மூஞ்சி காட்டாது. உங்களுக்கு அந்தச் சண்டையெல்லாம் படிக்கப் புடிச்சிருக்கு. எனக்கு பயமா இருந்துச்சு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. என்னையே எட்டு மாதம் வாயடைக்க வைத்த இடத்தை, அதில் தப்பிப் பிழைத்தவன் என்ற தோரணையில் நான் அழகாக்கிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்றியது. அவளுக்குக் கிடைத்திருப்பது உண்மையான விடுதலை. அதை 'காப்பியடிக்கும் தலைமுறை' என்று திட்டும் கட்டுரைகள் தமிழில் நிறைய வருகின்றன. எழுதுகிறவர்களில் பாதிப்பேர் யாரிடமும் மைனஸ் மூன்று வாங்கியதில்லை.

ஆனால் அவளிடம் ஒன்று சொன்னேன். அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் சம்பளமில்லாமல் எழுதியவர்களிடமிருந்து. 2012இல் தொடங்கிய கணியம் மாதிரியான மின்னிதழ்களிலிருந்து. து. நித்யா 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார். ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தை ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள், பத்துப் பேர் நிறுத்தினாலும் தெரியாது. தமிழில் தொழில்நுட்பம் எழுதுகிறவர்கள் சில டஜன் பேர் இருந்தால் அதிகம். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் நாலு வாசகர் கடிதமும் ஒரு எண்ணிக்கைமானியும்தான். பெட்டிக்குள்ளேயே பதில் கிடைத்துவிட்டால் அந்த எண்ணிக்கைமானியும் நின்றுவிடும். அடுத்த நூலகம், அடுத்த மொழி, அடுத்த பதிப்பு வரும்போது அதைத் தமிழில் முதலில் எழுதப்போவது யார்?

"நீங்க எழுதுங்கண்ணா" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

சில வாரம் கழித்து என் மேசைக்கு வந்தாள். ஒரு திறமூல நூலகத்தின் புதிய பதிப்பில் ஏதோ சிக்கல். ஏஐ மூன்று முறை மூன்று விதமாகத் தன்னம்பிக்கையோடு தப்புப் பதில் சொல்லியிருந்தது. பதிப்பு வெளியாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அதைப் பற்றி உலகில் யாரும் எழுதியிருக்கவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"அப்ப நான் எங்கண்ணா கேக்கறது?"

பழக்கதோஷத்தில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்த நூலகத்தின் கிட்ஹப் பக்கத்துக்குப் போய் நேரடியாக அதை எழுதியவர்களிடமே கேட்கச் சொன்னேன். கேள்வியை இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதினோம், அரை நாள் ஆகவில்லை, அரை மணி நேரம்தான். என்ன செய்து பார்த்தோம், எது எதிர்பார்த்தது, எது நடந்தது என்று வரிசையாக. ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட ஒன்றையும் அன்றே முடித்தேன். 2013 பதிலைத் திறந்து பெரிய ஒய்யைச் சின்ன ஒய் ஆக்கினேன். ஏன் திருத்துகிறீர்கள் என்று தளம் காரணம் கேட்டது. 'கீழே உள்ள கமெண்ட் சொல்வது சரி' என்று ஆங்கிலத்தில் தட்டினேன்.

இரண்டாம் நாள் அவளுக்குப் பதில் வந்துவிட்டது. நூலகத்தைப் பராமரிப்பவர்களில் ஒருவர், இது எங்கள் பிழைதான், அடுத்த பதிப்பில் சரிசெய்கிறோம், அதுவரை இப்படிச் செய்யுங்கள் என்று நான்கு வரி எழுதி, கண்டுபிடித்ததற்கு நன்றியும் சொல்லியிருந்தார். அவள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். அதே சிக்கலில் மாட்டிய இன்னும் மூன்று பேர் கீழே வந்து பேச ஆரம்பித்திருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் 2018இல் 750 கோடி டாலருக்கு வாங்கியது என்பதை அன்று அவளிடம் சொல்லவில்லை.